மயில் கழுத்துப் புடவையும் என் மானிட்டரும்

கல்யாணப் பெண்ணின் அம்மா, நான் படம் எடுத்துக் கொடுத்த ஆல்பத்தின் மூன்றாவது ஷீட்டில் நிறுத்தினார். எழுந்து உள்ளே போய் ஒரு புடவையை எடுத்து வந்து படத்தின் மேலேயே விரித்தார். "தம்பி, இதுவும் இதுவும் ஒண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டும் ஒன்றல்ல. புடவை மயில் கழுத்து நிறம், திருபுவனம் பட்டு. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் ஒரு நிறம். மடிப்பு அசைந்தால் நீலத்துக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். ஆல்பத்தில் இருந்ததோ பத்து வருஷம் துவைத்த பள்ளிச் சீருடை நீலம். போதாக்குறைக்கு எல்லாப் படமும் இருட்டு. மாப்பிள்ளையின் முகத்தில் வேறு ஒரு பச்சை மஞ்சள் சாயல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "மாப்பிள்ளைக்கு அன்னிக்குக் காமாலையா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. 12-க்கு 36 அங்குல அளவில் 40 ஷீட். மறுபடி அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கும்பகோணத்துக்குத் திரும்பும் வழி முழுக்க ஆல்பத்தை அச்சடித்த லேப்காரரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் மானிட்டரில் அந்தப் படம் அற்புதமாக இருந்தது. மயில் கழுத்து மயில் கழுத்தாகவே இருந்தது. மறுநாள் லேப்புக்கே போய்விட்டேன். அங்கே பிரிண்ட் பார்க்கும் பையன் என் ஃபைலைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல கலர் டேக்கே இல்லையே. எந்தக் கேமரா இது?" என்றான்.

அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம். இதற்கு முன் ஒன்பது வருஷம் கல்யாணம் எடுத்திருக்கிறேன், எடிட் செய்திருக்கிறேன். கலர் ஸ்பேஸ் என்பது கேமரா மெனுவில் இருக்கும் ஒரு வரி, அதைத் தொடத் தேவையில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த அளவு.

அன்று எங்களிடம் இரண்டு கேமரா. என்னுடையது எஸ்ஆர்ஜிபி என்ற கலர் ஸ்பேஸில் இருந்தது. கூட வந்த தம்பியின் கேமராவில் யாரோ எப்போதோ அதை அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு ஸ்பேஸுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு, அதையும் லேப் பையன்தான் காட்டினான். கேனான், நிகான் கேமராக்களில் அடோபி ஆர்ஜிபி வைத்தால் ஃபைல் பெயரின் முதல் எழுத்தே அடிக்கோடாக வரும். பெயரைப் பார்த்தாலே போதும். அந்தக் கல்யாணத்தின் ஃபோல்டரைத் திறந்தால் பாதிப் படங்கள் அடிக்கோட்டில் ஆரம்பிக்கின்றன. வருஷக்கணக்காகக் கண்முன்னால் இருந்திருக்கிறது.

இந்தக் கலர் ஸ்பேஸ் விவகாரம் எனக்குப் புரிந்தது எங்கள் ஆத்தா சொன்ன படிக் கணக்கை வைத்துத்தான். முன்பெல்லாம் ஊருக்கு ஊர் படி மாறும். சின்னப் படி, பெரிய படி. 'அஞ்சு படி அரிசி' என்றால் எந்த ஊர்ப் படி என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தின் ஃபைலில் இருப்பதும் வெறும் எண்ணிக்கைதான்: சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அது எந்தப் படியால் அளந்தது என்று சொல்லும் சீட்டுதான் ஐசிசி புரொஃபைல் என்கிற டேக். எஸ்ஆர்ஜிபி சின்னப் படி. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து, அந்தக் காலத்துக் குழாய் மானிட்டர்கள் காட்டக்கூடிய நிறங்களை வைத்து அதை முன்வைத்தார்கள். 1998-ன் அடோபி ஆர்ஜிபி பெரிய படி. அச்சில் வரக்கூடிய பச்சை, பச்சை நீலம் எல்லாம் உள்ளே அடங்க வேண்டும் என்று பெரிதாக்கப்பட்டது. பெரிய படியால் அஞ்சு அளந்துவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டால், வாங்குகிறவர் சின்னப் படியில் அஞ்சு என்றுதான் எடுத்துக்கொள்வார். அரிசி குறையும். படத்தில் நிறம் வெளுக்கும்.

சீட்டைக் கிழித்தது நான்தான். ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திறக்கும்போது புரொஃபைல் பொருந்தவில்லை என்று ஒரு பெட்டி வரும். தொந்தரவாக இருக்கிறதே என்று ஒரு நாள் 'டிஸ்கார்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, இனிமேல் கேட்காதே என்றும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் வந்த ஒவ்வொரு ஃபைலும் சீட்டில்லாமல் வெளியே போனது.

அப்படியானால் என் திரையில் மட்டும் எப்படிச் சரியாகத் தெரிந்தது? இதுதான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்புதான் 'வைட் கேமட்', அதாவது அதிக நிறம் காட்டும் என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு மானிட்டர் வாங்கியிருந்தேன். பி3 என்ற, எஸ்ஆர்ஜிபியைவிடப் பெரிய ஸ்பேஸின் நிறங்களில் 95 சதவீதம் காட்டும் என்று எழுதியிருந்தது. வாங்கி வைத்தேனே தவிர, அதற்கு எந்தப் புரொஃபைலும் போடவில்லை. அதனால் கம்ப்யூட்டர் அதை ஒரு சாதாரண எஸ்ஆர்ஜிபி திரை என்று நினைத்து எண்களை அப்படியே அனுப்பியது. திரையோ தன் பெரிய படியால் அளந்து காட்டியது. டேக் தொலைந்த ஃபைல் நிறத்தைக் குறைக்க, புரொஃபைல் இல்லாத மானிட்டர் நிறத்தைக் கூட்ட, இரண்டு தப்பும் சேர்ந்து என் மேஜையில் சரி என்று தெரிந்தது. மேஜையை விட்டு ஃபைல் வெளியே போனதும் ஒரு தப்பு மட்டும் மிஞ்சியது.

ஃபோட்டோஷாப்பில் 'அசைன்', 'கன்வெர்ட்' என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டளை இருக்கும். அசைன் என்பது சீட்டை மட்டும் மாற்றுவது. எண் அப்படியே இருக்கும், நிறம் மாறும். கன்வெர்ட் என்பது அரிசியை இன்னொரு படியால் திரும்ப அளப்பது. எண் மாறும், நிறம் கூடியவரை அப்படியே இருக்கும். டேக் தொலைந்த ஃபைலுக்கு முதலில் அசைன் செய்து எந்தப் படி என்று சொல்ல வேண்டும், அப்புறம் கன்வெர்ட் செய்து எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவர வேண்டும், கடைசியில் சேமிக்கும்போது புரொஃபைலை உள்ளே பதிக்கும் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையை, ஒரே சொடுக்கில் தானாக ஓடும் ஒரு ஆக்‌ஷனாகப் பதிந்து வைத்திருக்கிறேன். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலில் எடுப்பவர்களுக்கு கேமராவில் என்ன வைத்தாலும் கவலையில்லை, எந்த ஸ்பேஸில் எக்ஸ்போர்ட் செய்கிறோம் என்பதுதான் கணக்கு. சிலர் இருப்பதிலேயே பெரியது நல்லது என்று புரோஃபோட்டோ ஆர்ஜிபியில் ஜேபெக் அனுப்புகிறார்கள். கண்ணுக்கே தெரியாத நிறங்களுக்கும் இடம் ஒதுக்கிய ஸ்பேஸ் அது. 8 பிட்டில், அதாவது அந்த 0 முதல் 255 வரையான எண்களில், அதை நிரப்பினால் மேடைப் பின்னணியில் படிக்கட்டு படிக்கட்டாகக் கோடு விழும். எடிட் செய்ய 16 பிட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளியே அனுப்ப வேண்டாம்.

அடுத்தது இருட்டு. இதற்கு டேக் காரணமில்லை. லேப்காரர்களிடம் கேட்டால் தெரியும், அவர்களுக்கு வரும் புகார்களில் பாதி 'பிரிண்ட் டார்க்கா இருக்கு' என்பதுதான். காரணம் பெரும்பாலும் மானிட்டரின் பிரைட்னஸ். காகிதம் தானாக ஒளி விடாது, அறையில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதோடு சரி. கடையிலிருந்து வந்த நிலையில் வைத்திருக்கும் மானிட்டரோ டியூப் லைட் மாதிரி எரியும். அதைப் பார்த்து நாம் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போவோம்.

எவ்வளவு எரிகிறது என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கேலிபிரேட்டர் வேண்டும், திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கருவி. கேலிபிரைட், டேட்டாகலர் இரண்டு கம்பெனியும் விற்கிறார்கள், விலை எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் கனம்தான். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கினோம். மாதத்தின் முதல் வாரத்தில் அது வீடு வீடாகச் சுற்றும். மாதம் முழுக்க டப்பாவில் தூங்கும் ஒரு சாமானுக்கு ஆளுக்கொன்று வாங்குவது வீண். மென்பொருளுக்கும் பணம் தர வேண்டியதில்லை. ஆர்கில் என்ற நிரலின் மேல் ஓடும் டிஸ்பிளேகால் என்ற மென்பொருள் இலவசம், கூடவே வரும் மென்பொருளைவிட நிறைய விவரம் காட்டும்.

முதல் தடவை அளந்தபோது வெள்ளை 280 நிட்ஸ் காட்டியது. நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. பிரிண்டுக்கு வேலை செய்கிறவர்கள் 80 முதல் 120-க்குள் வைப்பார்கள். நான் 100-க்கு இறக்கினேன். இறக்கிய இரண்டு நாளும் வீட்டில் லோ வோல்டேஜ் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கண் பழகிவிட்டது. பழைய பிரைட்னஸுக்கு ஒரு தடவை ஏற்றிப் பார்த்தேன், கண் கூசியது. இதிலேயே இத்தனை நாள் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று ஆச்சரியமாக இருந்தது.

கேலிபிரேட்டரைத் திரையில் தொங்கவிட்டுப் பட்டனை அழுத்தினால் போதும் என்று நினைத்துதான் முதல் ரவுண்டைக் கெடுத்தேன். மானிட்டர் அரை மணி நேரமாவது எரிந்து சூடாகியிருக்க வேண்டும். அதற்கு முன் அதன் மெனுவுக்குள் போய் டைனமிக் கான்ட்ராஸ்ட், கண்ணுக்கு இதம் என்று வரும் நீல ஒளி வடிகட்டி, விவிட் மோட் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். விண்டோஸின் நைட் லைட்டையும்தான். நேரம் குறித்து வைத்திருந்தால் அது தானாக எழுந்து அத்தனை வேலையையும் மஞ்சளாக்கிவிடும். வெள்ளைக்கு டி65 என்ற பகல் வெளிச்ச அளவு; நடுத்தர வெளிச்சங்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று சொல்லும் காமாவுக்கு 2.2. இதெல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் வெள்ளையில் லேசாக ஒரு ரோஸ் சாயம் நின்றது. மூன்று ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். விஷயம் என்னவென்றால், எந்த வகைப் பின்விளக்கு கொண்ட திரை என்று மென்பொருளில் ஒரு இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண வெள்ளை எல்இடிக்கும் வைட் கேமட் எல்இடிக்கும் ஒளியின் கலவை வேறு. தேர்ந்தெடுக்காவிட்டால் சென்சார் ஏமாந்துவிடும். அதை மாற்றியதும் ரோஸ் போனது. முடிவில் டெல்டா ஈ என்ற நிற வித்தியாச அளவு சராசரியாக 1-க்குக் கீழே வந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இதில் இரண்டு வேலை நடக்கிறது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாளானது. கேலிபிரேஷன் என்பது தராசின் முள்ளை நடுவில் நிறுத்துவது. புரொஃபைல் என்பது, நிறுத்திய பிறகும் இந்தத் தராசு எவ்வளவு கூடக் குறையக் காட்டும் என்று எழுதி வைப்பது. ஃபோட்டோஷாப் அந்த எழுத்தைப் படித்து ஈடுகட்டும். படிக்காத மென்பொருளும் உண்டு, அதற்கு வருகிறேன்.

சரி, மாப்பிள்ளையின் காமாலை. அதற்குக் காரணம் சுவர். என் எடிட்டிங் அறை வீட்டின் மாடியில், முன்பு அக்காவின் அறை. மூன்று பக்கமும் கிளிப்பச்சை. பச்சைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு சாம்பல் நிறத்தைப் பார்த்தால் கண்ணுக்கு அது லேசாக வாடாமல்லி பக்கம் சாய்ந்து தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஒவ்வொரு முகத்திலும் இத்தனூண்டு பச்சையைச் சேர்த்திருக்கிறேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, எனக்குக் கண் அல்ல, சுவருக்குக் காமாலை. கேலிபிரேட்டர் இதைச் சரிசெய்யாது, அது திரையை மட்டும்தான் பார்க்கிறது. பெயிண்ட் கடையில் நீலமோ மஞ்சளோ கலக்காத சாம்பல் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், "வீட்டுக்குள்ளயா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். அம்மாவுக்கு இன்றைக்கும் அந்த அறை பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு எதிரில் இருந்த மேஜையைத் திருப்பிப் போட்டேன், கனமான திரைச்சீலை போட்டேன். மானிட்டர் வாங்க யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் சுவரின் நிறம் என்ன என்றுதான் கேட்பேன். இரண்டு டப்பா பெயிண்டில் வந்த பலன் எனக்கு அந்த வைட் கேமட் மானிட்டரில் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு புடவைக்குத் திரும்பினேன். அந்த அம்மாவிடம் புடவையை ஒரு நாள் கடன் கேட்டேன். ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார். அவர் கூடத்தில் டியூப் லைட்டின் கீழ் பார்த்தபோது ஒரு நிறம், என் மாடி வராந்தாவில் காலை வெயிலில் வேறு நிறம். பட்டில் இது இன்னும் அதிகம். எந்த வெளிச்சத்தில் பார்த்த நிறம் சரி என்று கேட்டால், மண்டபத்தில் பார்த்தவர்கள் நினைவில் இருப்பதுதான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். வேறு வழியில்லை.

டேக்கைச் சரிசெய்ததுமே நிறம் முக்கால்வாசி வந்துவிட்டது. மீதிக் கால்வாசிதான் கஷ்டம். அந்தப் பச்சை நீலம் எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே விழுகிறது. லேப் எஸ்ஆர்ஜிபியைத் தவிர வேறு வாங்காது. ஃபோட்டோஷாப்பில் சாஃப்ட் புரூஃப் என்ற முன்னோட்டத்தைப் போட்டு கேமட் வார்னிங்கைத் திறந்தால் முந்தானை முழுக்கச் சாம்பல் திட்டு. இதெல்லாம் அடங்காது என்று அர்த்தம். அப்படியே கன்வெர்ட் செய்தால் வெளியே நிற்கும் நிறங்கள் எல்லாம் எல்லைக்கோட்டில் ஒரே இடத்தில் வந்து குவியும், மடிப்பு தெரியாமல் தகடு மாதிரி ஆகிவிடும். அதனால் அந்தப் பச்சை நீலத்தின் செறிவை மட்டும் நானே கொஞ்சம் இறக்கி, நிழலைக் கொஞ்சம் ஆழமாக்கி, மடிப்புகளைக் காப்பாற்றினேன். நிறம் முழுசாக வராவிட்டாலும் பட்டு பட்டாகத் தெரிய வேண்டும். 40 ஷீட்டையும் அடிப்பதற்கு முன் ஒரு முகம், அந்த முந்தானை, ஒரு சாம்பல் பட்டை மூன்றையும் ஒரே 8-க்கு 12-ல் வைத்துச் சோதனை பிரிண்ட் எடுத்தேன். இப்போது எந்த லேப்புக்கும் முதல் வேலை இதுதான். இரண்டாவது ஆல்பத்தை அந்த அம்மா பால்கனிக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார். "கிட்டத்தட்ட" என்றார். எனக்கு அது போதும்.

இப்போதெல்லாம் முகூர்த்தத்துக்கு முன் மணமேடை வெளிச்சத்தில் 24 கட்டம் உள்ள கலர் அட்டையை, பிறகு நிறத்தைச் சரிபார்க்க, ஒரு படம் எடுத்துவிடுகிறேன். ஐயர் முதலில் அது என்ன யந்திரமா என்று கேட்டார்.

வீடியோவில் இதைவிடச் சிக்கல். மானிட்டரைக் கேலிபிரேட் செய்தாயிற்று, இனி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளிலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி இரண்டு ஹைலைட்ஸ் வீடியோவுக்குக் கலர் செய்தேன். முகங்கள் சிவந்து தெரிந்தன, குறைத்தேன். கொடுத்த பிறகு எல்லோரும் வெளிறிப்போயிருந்தார்கள். விண்டோஸில் ரிசால்வ் ஐசிசி புரொஃபைலைக் கண்டுகொள்வதில்லை. கிராஃபிக்ஸ் கார்டில் ஏறிய கேலிபிரேஷன் மட்டும் வேலை செய்யும், புரொஃபைல் செய்யாது. வைட் கேமட் திரை தன் இஷ்டத்துக்குச் சிவப்பைக் கூட்டும். வழி இரண்டு. டிஸ்பிளேகாலில் 3டி லட் என்ற நிற மாற்ற அட்டவணை ஒன்று செய்து ரிசால்வின் மானிட்டர் லட்டாகப் போடலாம். இல்லாவிட்டால் மானிட்டரின் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாறிவிட்டு வேலை பார்க்கலாம். வீடியோவுக்கான ரெக் 709 என்ற ஸ்பேஸுக்கும் எஸ்ஆர்ஜிபிக்கும் அடிப்படைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றுதான். நான் சோம்பேறி, இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து ஒரு மாப்பிள்ளை, வீடியோ வெளுத்திருக்கிறது என்று மேக்புக்கிலிருந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அதே ஃபைல் என் கம்ப்யூட்டரின் விஎல்சி பிளேயரில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. இது ரொம்பப் பேரைப் படுத்தியிருக்கும் விஷயம். வீடியோ ஃபைலுக்குள் 1-1-1 என்று நிறத்தைச் சொல்லும் மூன்று எண் டேக் இருக்கும். மேக்கின் குவிக்டைம் நடு எண்ணைப் படித்து, நாம் கலர் செய்த காமாவைவிடக் குறைந்த ஒரு காமாவில் காட்டுகிறது, அதனால் நிழல் எல்லாம் மேலே எழும்பி வெளுத்துத் தெரிகிறது. மேக்குக்கென்று காமாவைச் சரிசெய்து தனியாக ஒரு பிரதி எடுத்து அனுப்பினேன், அவருக்குச் சரியாகிவிட்டது. ஆனால் அதற்காக அசலில் கலர் செய்து வைத்ததைத் தொடக்கூடாது. தொட்டால் டிவியில் எல்லாம் தார் ஊற்றிய மாதிரி ஆகும். மண்டபத்து எல்இடி சுவரைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் மட்டும், கம்ப்யூட்டரிலிருந்து போகும் எச்டிஎம்ஐ ரேஞ்ச், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரையான எண்கள், 0–255-ஆ 16–235-ஆ என்று ஆபரேட்டரிடம் கேட்டு மாற்றச் சொல்வேன். மற்றபடி அது எப்போதும் நீலமாகத்தான் இருக்கும்.

போன மாதம் ஒரு கல்யாணத்தின் படங்களை ராத்திரி பத்தரைக்கு லிங்க் அனுப்பினேன். சாம்பல் சுவர், 100 நிட்ஸ், டேக் எல்லாம் பக்கா. ஐந்து நிமிஷத்தில் பெண்ணின் அத்தை போன் செய்தார்.

"தம்பி, எல்லாப் போட்டோவும் மஞ்சளா இருக்கே."

"அத்தை, போனை மேலேருந்து கீழ இழுங்க. கண்ணு மாதிரி ஒரு படம் போட்டிருக்கா?"

"இருக்கு."

"எரியுதா? அதை ஒரு தட்டு தட்டுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ம்ம். இப்போ சரியாயிடுச்சு. நீ இப்பதான் மாத்தினியா?"

"ஆமா அத்தை," என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.